நிலைக்குத்திலிருந்து செங்குத்துக்கு: செங்கோணக் கருத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கேத்திரகணிதம் கற்கத் தொடங்கும் மாணவன் முதலிற் பெறும் கருத்துக்களுள் ஒன்று செங்குத்து என்பதாகும். சதுரத்தின் அடுத்துள்ள பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. செவ்வகத்தின் பக்கங்களும் அத்தகையனவே. செங்கோண முக்கோணியில் இரு பக்கங்கள் அவ்வாறு அமைகின்றன. இவற்றைக் கற்றுத் தேறிய மாணவன் முன்னிலையில், அதே சதுரத்தை ஒரு மூலையில் நிற்குமாறு திருப்பி வரைந்து காட்டினால், அவன் அதனைச் சாய்சதுரம் என்று மட்டும் கூறி, அதன் கோணங்கள் செங்கோணங்களே என்பதை ஒப்பத் தயங்குதல் உண்டு. செங்குத்து என்றால் நிமிர்ந்து நிற்பது என்னும் எண்ணம் அவனுள்ளத்தில் ஊன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும்.

இத்தயக்கத்தைக் கவனக்குறைவு என்று கூறித் தள்ளிவிடுதல் பொருந்தாது. நிமிர்ந்து நிற்கும் கோடு வேறு, மற்றொரு கோட்டிற்குச் செங்குத்தான கோடு வேறு என்று தெளிவதற்கு மனித குலம் மிக நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டது. தமிழில் இவ்விரண்டிற்கும் இரு சொற்கள் உள. தொங்கும் நூலின் திசையை நிலைக்குத்து என்கின்றோம். அதனைத் தனியொரு கோட்டிற்கும் கூறலாம். செங்குத்து என்பதோ இரு கோடுகளுக்கிடையே உள்ள உறவு. தனியொரு கோடு செங்குத்தானது என்பதற்குக் கணிதத்திற் பொருளில்லை. பேச்சு வழக்கில் நாம் செங்குத்தான பாறை என்று கூறும்போது முதலாவது பொருளையே கருதுகின்றோம். முதலாவது கருத்திலிருந்து இரண்டாவது கருத்து எவ்வாறு பிரிந்து வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொங்கும் நூலும் அசையா நீரும்

இயற்கை மனிதனுக்குச் செங்கோணத்தை நேரடியாகக் காட்டும் இடம் ஒன்றே. ஒரு நூலின் நுனியிற் பாரமான பொருளைக் கட்டித் தொங்கவிட்டால் நூல் ஒரு குறித்த திசையில் நிற்கும். அதன் கீழே அசையாத நீர் இருப்பின், நீரின் மேற்பரப்பு அந்நூலுக்கு எப்பக்கத்திலும் ஒரே சாய்வுடையதாக இருக்கும். கொத்தனுக்கும் தச்சனுக்கும் இவ்விரண்டும் தொடக்கத்திலிருந்தே அளவைகளாயின.

எகிப்தில், தேர் எல்-மெதினா என்னும் தொழிலாளர் குடியிருப்பைச் சார்ந்த சென்னெயெம் என்பவனின் கல்லறை 1886ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. கி.மு. 13ஆம் நூற்றாண்டினதாகிய அக்கல்லறையில் மூன்று கருவிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று சுவரின் நிலைக்குத்தைச் சோதிக்கும் தூக்குநூற்பலகை, மற்றொன்று மூலைமட்டம், மூன்றாவது, இரு சமகால்களும் ஒரு குறுக்குச்சட்டமும் கொண்டு, உச்சியிலிருந்து குண்டு தொங்கும் மட்டக்கருவி. இம்மூன்றாவது கருவி சிறப்பாக நோக்கத்தக்கது. நூல் குறுக்குச்சட்டத்தின் நடுக்குறியிற் படும்போது கால்கள் நிற்கும் தளம் கிடையாக உள்ளது என்பது பெறப்படும். அதாவது, இருசமபக்க முக்கோணியின் உச்சியையும் அடியின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோடு அடிக்குச் செங்குத்தாகும் என்ற உண்மை, தேற்றமாக எழுதப்படாமல் மரத்திற் செய்யப்பட்டிருந்தது.

பல மொழிகளிற் செங்குத்தைக் குறிக்கும் சொற்கள் இத்தொங்கும் நூலிலிருந்தே பிறந்துள்ளன. இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெர்ப்பெண்டிக்குலர் என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல் தூக்குநூலையே குறித்தது. கிரேக்கர் வழங்கிய கதெற்றொசு என்னும் சொல்லுக்குக் கீழே விடப்பட்டது என்பது பொருள். வடமொழியில் இலம்பம் என்பது தொங்குவது எனப் பொருள்படும். 499ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட ஆரியபட்டீயம், சமதளத்தை நீராலும் மேல்கீழ்த் திசையைத் தூக்குநூலாலும் அறியவேண்டும் என்று விதிக்கின்றது. தச்சனின் மூலைமட்டத்தைக் குறித்த நோர்மா என்னும் இலத்தீன் சொல்லே, நாம் செவ்வன் என வழங்கும் கணிதக் கலைச்சொல்லுக்கு ஐரோப்பிய மொழிகளில் அடியாயிற்று. எனவே சொல்லின் அளவில் நோக்கின், செங்குத்து என்னும் கருத்து பாரத்தின் வீழ்ச்சியிலிருந்தும் தொழிலாளியின் கையிலிருந்தும் வந்ததே எனலாம்.

2. நிலத்தின்மீது செங்கோணம்

தூக்குநூல் சுவரை நிமிர்த்த உதவும். ஆனால், வீட்டிற்கு அத்திவாரம் இடும்போது எழும் சிக்கல் வேறு. அங்கே ஒன்றையொன்று சந்திக்கும் இரு சுவர்களின் கோடுகளும் கிடையானவை. இரண்டும் நிலத்திற் படுத்திருப்பவை. அவற்றிற்கிடையே செங்கோணம் அமைந்துள்ளதா என்பதைத் தூக்குநூல் கூறமாட்டாது. செங்குத்து என்னும் கருத்து நிலைக்குத்திலிருந்து பிரியத் தொடங்கிய இடம் இதுவே.

கி.மு. 26ஆம் நூற்றாண்டில் எழுந்த கூபு மன்னனின் பெரும் பிரமிட்டு இச்சிக்கலைத் தீர்த்த திறத்திற்குச் சான்றாகும். ஏறக்குறைய 230 மீற்றர் நீளமான பக்கங்களைக் கொண்ட அதன் அடித்தளத்தின் நான்கு மூலைகளும் செங்கோணத்திலிருந்து விலகும் அளவு, 1925ஆம் ஆண்டு வெளியான அளவீட்டின்படி, ஒரு பாகையின் பதினைந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். இதனை எகிப்தியர் எவ்வாறு சாதித்தனர்? பன்னிரண்டு சம இடைவெளிகளில் முடிச்சிட்ட கயிற்றை 3, 4, 5 என்னும் பக்கங்களுடைய முக்கோணியாக இழுத்துச் செங்கோணம் அமைத்தனர் என்று பல பாடநூல்கள் கூறும். எகிப்தியக் கோயில்களுக்கு அடிகோலும் சடங்கிற் கயிறு இழுத்தல் இடம்பெற்றமை கல்வெட்டுக்களாலும் சிற்பங்களாலும் ஐயமின்றி அறியப்படுகின்றது. ஆயினும், அக்கயிறு 3, 4, 5 என முடிச்சிடப்பட்டது என்பதற்கு எகிப்தியச் சான்று எதுவும் இல்லை. இது 19ஆம் நூற்றாண்டிற் கணித வரலாற்றாசிரியர் மோரிட்சு கன்ரர் முன்வைத்த ஊகமே. பின்வந்தோர் அதனை வரலாற்றுண்மை போல எழுதிவிட்டனர்.

பபிலோனியாவைப் பொறுத்தவரை நிலைமை வேறானது. யேல் பல்கலைக்கழகத்திலுள்ள சிறு களிமண் ஏடொன்றில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் வரையப்பட்டு, பக்கத்திற்கும் மூலைவிட்டத்திற்கும் உள்ள விகிதம் அறுபதின்கூற்று எண்களில் எழுதப்பட்டுள்ளது. நமது முறையில் அது 1.414213 ஆகும், ஆறு தசம தானத்திற்கும் 2இன் வர்க்கமூலத்திலிருந்து ஏறத்தாழ வேறுபாடில்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலுள்ள பிளிம்ற்றன் 322 என்னும் ஏடு, செவ்வகங்களின் பக்கங்களும் மூலைவிட்டங்களும் முழுவெண்களாக அமையும் 15 நிரைகளைத் தருகின்றது. இவை கி.மு. 1800ஐ ஒட்டிய சில நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பழைய பபிலோனியக் காலத்து நில அளவை ஏடொன்றைச் சான்றாகக் கொண்டு, இத்தகைய எண்கள் வயல்களின் எல்லைகளைச் செங்குத்தாக அமைக்கப் பயன்பட்டன என்று 2021ஆம் ஆண்டில் தானியல் மான்சுபீல்டு என்னும் ஆய்வாளர் வாதிட்டுள்ளார். பபிலோனியரிடம் கோணத்தைப் பாகைகளால் அளக்கும் கருத்து அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குச் செங்கோணம் ஓர் அளவன்று; செவ்வகத்தின் தன்மை.

3. சங்கும் கயிறும்

நிலைக்குத்தையும் நிலத்துச் செங்குத்தையும் ஒரே செயலில் இணைத்துக் காட்டும் தெளிவான எழுத்துச் சான்றுகள் இந்தியாவின் சுல்வ சூத்திரங்களிற் கிடைக்கின்றன. கி.மு. 800 முதல் 200 வரையான காலப்பகுதியைச் சார்ந்தவை என ஆய்வாளர் பலர் கருதும் இந்நூல்கள் வேள்விமேடைகளின் அமைப்பைக் கூறுவன. சுல்வம் என்பது கயிறு.

காத்தியாயனரின் சுல்வ சூத்திரம் கூறும் முறை வருமாறு. சமப்படுத்திய நிலத்தில் ஒரு சங்கை, அதாவது நேராக நிற்கும் கோலை நாட்டுக. அக்கோலின் நீளமுள்ள கயிற்றால் அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலிலும் பிற்பகலிலும் கோலின் நுனி நிழல் வட்டத்தைத் தொடும் இரு இடங்களிலும் முளைகளை அடிக்க. அவ்விரு முளைகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காகும். பின்னர், முளைகளுக்கிடையேயுள்ள தூரத்தைப் போல் இருமடங்கு நீளமான கயிற்றின் இரு நுனிகளையும் முளைகளில் மாட்டி, கயிற்றின் நடுவைப் பிடித்துத் தெற்கே இழுத்து ஒரு முளையும் வடக்கே இழுத்து ஒரு முளையும் அடிக்க. இப்புது முளைகளை இணைக்கும் கோடு வடக்குத் தெற்காகும்.

இதில் மூன்று படிகள் உள. முதலாவதாகக் கோல் நிலைக்குத்தாக நிற்றல் வேண்டும். இது பாரத்தின் வேலை. அடுத்து, காலை நிழலும் மாலை நிழலும் நண்பகலின் இரு மருங்கும் ஒத்திருப்பதாற் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கின்றது. இது கதிரவனின் வேலை. ஞாயிறு நாளடைவில் வடக்கும் தெற்கும் நகர்வதால் இங்கே ஒரு சிறு பிழை நேரும். அயன நாள்களை ஒட்டி அது மிகக் குறைவு. இறுதியாகக் கயிற்றின் வேலை. ஒரு கோட்டின் இரு நுனிகளிலிருந்தும் சமதூரத்திலுள்ள இரு புள்ளிகளை இணைத்தால் அக்கோட்டிற்குச் செங்குத்தான இருசமகூறாக்கி கிடைக்கும். இம்மூன்றாவது படியிற் பாரத்திற்கும் வேலையில்லை, ஞாயிற்றுக்கும் வேலையில்லை. எந்தக் கோட்டை எடுத்தாலும், அது எத்திசையிற் கிடந்தாலும், கயிறு அதற்குச் செங்குத்தைத் தரும். செங்குத்து என்பது உறவு என்னும் கருத்து இங்கே செயலளவிற் பிறந்துவிட்டது.

ஆபத்தம்பரின் நூல் எண்களைப் பயன்படுத்தும் மற்றொரு வழியையும் தருகின்றது. கிழக்கு மேற்காக 36 அடியளவு நீளமுடைய பெருமேடைக்கு, 36உடன் 18ஐக் கூட்டி 54 அளவுள்ள கயிறு எடுக்கப்படுகின்றது. அதன் நுனிகளை நடுக்கோட்டின் இரு முனைகளிலும் மாட்டி, மேற்கு நுனியிலிருந்து 15ஆவது அளவிலுள்ள குறியைப் பிடித்து இழுத்தால் 15, 36, 39 என்னும் பக்கங்களையுடைய முக்கோணி உருவாகும். 15இன் வர்க்கமும் 36இன் வர்க்கமும் சேர்ந்து 1521. அதுவே 39இன் வர்க்கம். ஆகவே 15க்கும் 36க்கும் இடையேயுள்ளது செங்கோணம். எகிப்தியருக்கு ஊகமாக ஏற்றிக் கூறப்பட்ட முறை, வேறு எண்களுடன் ஈண்டு எழுத்திலேயே காணக்கிடைக்கின்றது.

இம்மரபின் சாயலைப் பழந்தமிழ் இலக்கியத்திலும் காணலாம். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியை நக்கீரர் அமைத்துள்ளார். நாட்டிய இரு கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதை நோக்கி, நூலறிவு மிக்கோர் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசைகளைக் குறித்து மனையை வகுக்கின்றனர். நிழல் சாயாமை என்பது ஞாயிற்றின் கதிர் நிலத்திற்குச் செங்குத்தாக வீழ்வதன்றி வேறன்று. யாழ்ப்பாணத்தில் ஏப்பிரில் நடுப்பகுதியில் இன்றும் இதனைக் கண்ணாரக் காணலாம். கயிற்றையும் கல்வியையும் நூல் என்ற ஒரே சொல்லால் வழங்கும் மொழியில், தச்சனின் நூல் மரத்தின் வளைவைப் போக்குவது போலக் கல்விநூல் மனத்தின் வளைவைப் போக்கும் என நன்னூலார் உவமை கண்டதும் இத்தொழில் மரபின் வழியதே.

4. கிரேக்கத்தில் நேர்ந்த மாற்றம்

நிழற்கோலின் பயனைக் கிரேக்கர் பபிலோனியரிடமிருந்து கற்றனர் என எரொடோட்டசு எழுதியுள்ளார். கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான கியோசுத் தீவு ஈனொப்பிடிசு, ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளியிலிருந்து அக்கோட்டிற்குச் செங்குத்து வரையும் செய்கையை முதலில் ஆராய்ந்தவர் என்று கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் பிரொக்கிளசு குறிப்பிடுகின்றார். வானியலுக்கு அது பயன்படும் எனக் கருதியே ஈனொப்பிடிசு அதனை ஆராய்ந்தாராம். அவர் செங்குத்துக் கோட்டைப் பழைய வழக்கின்படி நிழற்கோல்போன்ற கோடு என்று அழைத்தார் என்றும், நிழற்கோல் அடிவானத்தளத்திற்குச் செங்கோணத்தில் நிற்பதே அதற்குக் காரணம் என்றும் பிரொக்கிளசு விளக்குகின்றார். இக்குறிப்பு நமது ஆய்விற்கு மிக முக்கியமானது. தாளில் எத்திசையிலும் வரையக்கூடிய கோட்டிற்கு, நிலத்தில் நிமிர்ந்து நின்ற கோலின் பெயரே இன்னும் வழங்கிய இடைக்காலத்தை அது நமக்குக் காட்டுகின்றது.

கி.மு. 300ஐ ஒட்டி யூக்கிளிட்டு தொகுத்த மூலங்கள் என்னும் நூலில் அவ்விடைக்காலம் முடிவுறுகின்றது. முதலாம் புத்தகத்தின் பத்தாவது வரைவிலக்கணத்தின் கருத்து இதுவாகும்: ஒரு நேர்கோட்டின்மீது நிற்கும் மற்றொரு நேர்கோடு அடுத்துள்ள இரு கோணங்களையும் ஒன்றுக்கொன்று சமமாக்கினால், அக்கோணம் ஒவ்வொன்றும் செங்கோணம், நிற்கும் கோடு மற்றதற்குச் செங்குத்து. இங்கே நூலில்லை, குண்டில்லை, நீரில்லை, நிழலில்லை. மேல் கீழ் என்னும் திசைகளுமில்லை. பாகை அளவுகூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. செங்கோணம் 90 பாகை என்று நாம் மாணவருக்குக் கற்பிப்பது, வட்டத்தை 360 ஆகப் பிரித்ததன் விளைவே. யூக்கிளிட்டின் செங்கோணம் இரு கோணங்களின் சமத்துவம் ஒன்றையே வேண்டி நிற்கின்றது.

இவ்வரைவிலக்கணம் உருவங்களின் பாகுபாட்டிற்கும் அடிப்படையாயிற்று. நாற்பக்கல்களை யூக்கிளிட்டு பிரிக்கும்போது இரண்டு கேள்விகளை எழுப்புகின்றார்: பக்கங்கள் சமமா? கோணங்கள் செங்கோணங்களா? இரண்டும் பொருந்தின் சதுரம். செங்கோணம் மட்டும் பொருந்தின் சமமற்ற பக்கங்களையுடைய செவ்வகம். பக்கச் சமத்துவம் மட்டும் பொருந்திற் சாய்சதுரம். உருவம் எவ்வாறு திருப்பி வைக்கப்பட்டுள்ளது என்பது கேள்வியன்று. அன்றியும், சாய்சதுரத்தின் பக்கங்கள் செங்குத்தல்லாதபோதும் அதன் மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. பட்டம் என்னும் நாற்பக்கலிலும் அவ்வாறே. சிறுவர் பறக்கவிடும் பட்டத்தின் குறுக்குக் குச்சிகளைத் தூக்குநூலோடு ஒப்பிட வேண்டியதில்லை. காற்றில் எப்படிச் சரிந்தாலும் அவற்றின் உறவு மாறாது.

ஒரு கோட்டிலுள்ள புள்ளியிற் செங்குத்து நிறுவுவதற்கு யூக்கிளிட்டு கூறும் வழியும் நோக்கற்பாலது. புள்ளியின் இரு மருங்கும் சமதூரங்களைக் குறித்து, அவற்றின்மேல் ஒரு சமபக்க முக்கோணியை அமைத்து, அதன் உச்சியைப் புள்ளியோடு இணைக்க வேண்டும். இருமடங்கு கயிற்றின் நடுவைப் பிடித்து இழுத்தபோது காத்தியாயனரின் முளைகளுக்கிடையே உருவானதும் அதே சமபக்க முக்கோணிதான். இவ்வொற்றுமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனத் துணிதல் கூடாது. வேறுபாடு எதுவெனில், ஒன்று செய்யவேண்டியதை விதித்தது. மற்றது அவ்வாறு செய்வது ஏன் சரியாகும் என்பதை நிறுவிக் காட்டியது.

5. எல்லாச் செங்கோணங்களும் சமமா?

எல்லாச் செங்கோணங்களும் ஒன்றுக்கொன்று சமம் என்பது யூக்கிளிட்டின் நான்காவது எடுகோள். இதனைக் கூறவும் வேண்டுமோ என்று மாணவன் வியப்பான். செங்கோணத்தை 90 பாகை என வரையறுத்தவனுக்கு இது வெறுஞ்சொல்லே. ஆனால் அடுத்துள்ள கோணங்களின் சமத்துவத்தால் வரையறுத்தவனுக்கு, ஓரிடத்திற் பெற்ற செங்கோணம் வேறோரிடத்திற் பெற்றதற்குச் சமம் என்பது தானாகப் பெறப்படுவதன்று. தளம் எங்கும் ஒரே தன்மையது என்னும் பெருங்கூற்று அவ்வெடுகோளில் அடங்கியுள்ளது. இது எடுகோளன்று, நிறுவத்தக்கது என்று பிரொக்கிளசு வாதிட்டார்; 1899ஆம் ஆண்டிற் டேவிட்டு ஹில்பேட் தம்முடைய வெளிப்படையுண்மைகளிலிருந்து அதனைத் தேற்றமாகவே நிறுவினார்.

நிலைக்குத்துக்கு இத்தகைய பொதுமை இல்லை. கோடைகால அயன நண்பகலிற் சையீனில் நிழல் வீழாதபோது, அலெக்சாந்திரியாவில் நிழற்கோலின் நிழல் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு கோணத்தைக் காட்டியதைக் கொண்டு, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரற்றொசுதெனிசு புவியின் சுற்றளவைக் கணித்தார். இரு நகரங்களின் தூக்குநூல்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமல்ல என்பதே அக்கணிப்பின் உயிர்நிலை. நம் நாட்டிலேயே பருத்தித்துறையிலும் தேவேந்திரமுனையிலும் தொங்கவிடும் இரு நூல்கள் தம்முள் ஏறக்குறைய 4 பாகை சாய்ந்திருக்கும். ஓரூரின் நிலைக்குத்து மற்றோரூருக்கு நிலைக்குத்தாகாது. ஆனால் ஓரூரின் மூலைமட்டம் எவ்வூருக்கும் மூலைமட்டமே.

உருவங்களின் பக்கங்களைப் பற்றிய கேள்வி இன்னும் ஆழமானது. கோளத்தின் மேற்பரப்பில், துருவத்திலிருந்து நாற்பக்கத்துள் ஒரு பக்க அளவு பிரிந்து இறங்கும் இரு நெடுங்கோடுகளும் மத்தியகோடும் சேர்ந்து மூன்று செங்கோணங்களையுடைய முக்கோணியை ஆக்கும். நான்கு செங்கோணங்களையுடைய செவ்வகத்தையோ அங்கு வரைய இயலாது. 1733ஆம் ஆண்டில் இத்தாலியரான சக்கேரி, ஓர் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் சமநீளமான செங்குத்துக்களை நிறுவி அவற்றின் உச்சிகளை இணைத்தால் மேற்கோணங்களும் செங்கோணங்களாகுமா என்று ஆராய்ந்தார். பாரசீகக் கணிதரும் கவிஞருமான ஓமர் கையாம் அதே உருவத்தை அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருந்தார். சமாந்தரங்கள் பற்றிய ஐந்தாவது எடுகோளின்றி அவை செங்கோணங்கள் என நிறுவ முடியாது. 1829இல் லொபச்செவ்சுக்கியும் 1832இல் போயாயும் வெளியிட்ட புதிய கேத்திரகணிதத்தில் அவை கூர்ங்கோணங்களே. மிக எளிய உருவமாகக் கருதப்படும் செவ்வகம் உண்டென்பதே தளத்தின் இயல்பைப் பற்றிய ஒரு பெருங்கூற்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றால், செங்கோணம் இரண்டு ஊற்றுக்களிலிருந்து வந்தது என்பது பெறப்படும். ஒன்று பாரத்தின் வீழ்ச்சி. அது ஒரு திசையைத் தந்தது. மற்றது கயிற்றின் சமகூறு. அது ஓர் உறவைத் தந்தது. நிழற்கோல் இரண்டையும் இணைத்து நின்றது. யூக்கிளிட்டின் வரைவிலக்கணம் முதலாவதை விடுத்து இரண்டாவதை மட்டும் கொண்டது. அவ்வாறு விடுத்ததனாலேயே அக்கருத்து பிற்காலத்திற் கண்ணாற் காணமுடியாத வெளிகளிலும் செல்லுபடியாயிற்று.

வகுப்பறையில் நாம் பெரும்பாலும் இவ்வரலாற்றின் முதற்படியையே காட்டுகின்றோம். கரும்பலகையில் வரையப்படும் சதுரத்தின் அடி எப்போதும் கிடையாகவே அமைகின்றது. செங்கோண முக்கோணியின் செங்கோணம் எப்போதும் கீழ்மூலையிலேயே இருக்கின்றது. இதனாற் செங்குத்தும் நிலைக்குத்தும் மாணவன் கண்ணில் ஒன்றாகின்றன. இதனை மாற்றுவதற்கு அரிய கருவிகள் வேண்டியதில்லை. பள்ளி முற்றத்தில் ஏதேனும் ஒரு சாய்ந்த கோட்டில் இரு முளைகளை அடித்து, இருமடங்கு கயிற்றை மாட்டி, மாணவரையே அதன் நடுவைப் பிடித்து இரு பக்கமும் இழுக்கச் செய்யலாம். முளைகளை இடம் மாற்றி மீண்டும் இழுக்கச் செய்யலாம். அத்திவாரமிடும் கொத்தன், எதிர்ப்பக்கங்களைச் சமமாக அளந்தபின் மூலைக்கு மூலை நாடா பிடித்து, இரு மூலைவிட்டங்களும் சமமா எனப் பார்ப்பதன் காரணத்தை அவர்களே கண்டு கூறச் செய்யலாம். நிலைக்குத்து, செங்குத்து என்னும் இரு கலைச்சொற்களும் நம்மிடம் முன்னரே உள்ளன. அவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்காது காத்தல் கணிதம் கற்பிப்போரின் முதற்கடமையாகும்.